‘கூட்டத்துக்குப் புத்தி கிடையாது’ என்பது எந்த அளவுக்கு உண்மை?

கேள்வி – ஓலைச்சுவடி

சில நாட்களுக்கு முன் உறவினர்கள் கூடியிருந்த இடத்தில், எண்ணிக்கையில் குறைந்த ஒரு சமூகத்தாரின் குடியிருப்புக்குள் கும்பல் புகுந்து தீ வைத்த செய்தி பேச்சில் வந்தது. என் பெரியப்பா, “கூட்டம் என்றால் அப்படித்தான், கூட்டத்துக்குப் புத்தி கிடையாது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லோரும் நல்லவர்கள்தாம்” என்று சொன்னார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்து வேறு விஷயத்துக்குத் தாவிவிட்டது. எல்லோரும் தலையசைத்தார்கள், நானும் அசைத்தேன். வீடு திரும்பிய பிறகுதான் அந்தத் தலையசைப்பு உறுத்தத் தொடங்கியது.

புத்தியில்லாத கூட்டம் என்றால், ஒரே வரிசையில் உள்ள பத்து வீடுகளில் மூன்றை மட்டும் கொளுத்திவிட்டு மற்ற ஏழையும் விட்டுச் செல்ல அதற்கு எப்படித் தெரிகிறது? தனித்தனியாக எல்லோரும் நல்லவர்கள் என்றால் நடந்ததற்கு யார் பொறுப்பு? ‘ஆத்திரமடைந்த பொதுமக்கள்’ என்ற தொடரை நாளிதழில் படிக்கும்போதெல்லாம், குற்றவாளி என்று ஒருவரும் இல்லாமல் குற்றம் மட்டும் தனியே நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இதை ஆராய்ந்தவர்கள் என்ன கண்டிருக்கிறார்கள், சட்டம் எங்கே தடுமாறுகிறது, அண்டை வீட்டார் ஏன் சில இடங்களில் அடைக்கலம் கொடுக்கிறார்கள், சில இடங்களில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் என்பனவற்றை அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன். எந்தக் கட்சியின் ஆட்சியில் என்ன நடந்தது என்ற வழக்கமான சண்டையாக இதை மாற்றிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

பதில் – நெடுவழி

உங்கள் பெரியப்பா சொன்னதற்கு நூற்றாண்டு கடந்த வரலாறு உண்டு. கூட்டத்தில் கலந்த மனிதன் தன் தனித்தன்மையையும் பொறுப்புணர்வையும் இழந்து, தொற்றுநோய் போலப் பரவும் உணர்ச்சிக்கு ஆட்பட்டுவிடுகிறான் என்று பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் லெ பான் 1895-இல் எழுதினார். தொழிலாளர்கள் தெருவில் திரள்வதைக் கண்டு மேல்தட்டினர் அஞ்சிக்கொண்டிருந்த காலம் அது; எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் வெறிபிடித்த கூட்டமாகவே தெரிந்ததில் வியப்பில்லை. அந்தக் கருத்து எழுதியவரின் பெயரை உதிர்த்துவிட்டு, இன்று பொதுப்புத்தியாகவே நடமாடுகிறது.

பிற்கால ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. 1980-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், செயிண்ட் பால்ஸ் என்ற பகுதியில் நடந்த கலவரத்தை உளவியலாளர் ஸ்டீபன் ரைக்கர் ஆராய்ந்தார். கூட்டம் காவல்துறையினரையும் வங்கி போன்ற சில கட்டடங்களையும் தாக்கியதே தவிர, கண்ணில் பட்டதையெல்லாம் தாக்கவில்லை என்றும், அந்தப் பகுதியின் எல்லையைத் தாண்டவில்லை என்றும் அவர் காட்டினார். அது சிறுபான்மையினர் மீதான தாக்குதல் அன்று. காவல்துறையின் சோதனை ஒன்றால் வெகுண்டவர்களின் கிளர்ச்சி. ஆயினும் அதிலிருந்து கிடைத்த பாடம் இங்கும் பொருந்துகிறது: யார் நம்மவர், யார் எதிரி, எதுவரை போகலாம் என்ற கணக்கு கூட்டத்துக்குள் இருக்கிறது.

அந்தக் கணக்கு எவ்வளவு துல்லியமானது என்பதற்கு நமக்கு நெருக்கமான சான்று 1983 ஜூலை. கொழும்பில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடிச் சென்ற கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல்கள் இருந்ததை அன்று உயிர் தப்பியவர்களும் பின்னர் ஆராய்ந்தவர்களும் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் தில்லியில் சீக்கியர்கள் வேட்டையாடப்பட்டபோதும் இதே வாக்காளர் பட்டியல்தான் வழிகாட்டியது. வாக்காளர் பட்டியல் கோபத்தில் கைக்கு அகப்படும் பொருளன்று. ஓர் அலுவலகத்திலிருந்தோ ஒரு கட்சிக்காரரின் வீட்டிலிருந்தோ யாரோ ஒருவர் அதை எடுத்துத் தர வேண்டும். மற்றொருவர் பெயர்களைப் படித்து எந்தப் பெயர் எந்த இனம் என்று பிரிக்க வேண்டும். வண்டியும் மண்ணெண்ணெயும் வந்து சேர வேண்டும். தீக்குச்சியை ஒரு கணத்தில் உரசிவிடலாம். மற்றவை ஒரு கணத்தில் கூடிவருவதில்லை.

பட்டியல் இல்லாத இடத்தில் தேர்வு வைக்கிறார்கள். 2008 மே மாதம் தென்னாப்பிரிக்காவின் அலெக்சாண்ட்ராவில் தொடங்கி, பிற நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் மீது பரவிய தாக்குதல்களில், வழிமறிக்கப்பட்டவர்களிடம் முழங்கைக்கு ஜூலு மொழியில் என்ன சொல் என்று கேட்டார்கள். சொல்லத் தெரியாதவர் அயலார். அந்தக் கலவரத்தில் இறந்த 62 பேரில் மூன்றில் ஒரு பங்கினர் தென்னாப்பிரிக்கக் குடிமக்களே. கொழும்பிலும் சிங்களச் சொற்களை உச்சரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வழிவிட்டதாகவோ இழுத்துச் சென்றதாகவோ எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். தேர்வு நடத்தும் கும்பலைப் புத்தியற்றது என்று எப்படிச் சொல்வது?

வட இந்திய நகரங்களை, குறிப்பாக அலிகரையும் மீரட்டையும், நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க அரசியல் அறிஞர் பால் பிராஸ், கலவரம் அடிக்கடி நடக்கும் ஊர்களில் அதற்கென்றே ஓர் ஏற்பாடு நிலைபெற்றிருக்கிறது என்றார். பதற்றத்தை ஆறவிடாமல் வைத்திருப்பவர், சிறு தகராறைப் பெரிதாக்கச் செய்தி கொண்டு செல்பவர், ஆள் திரட்டுபவர் என்று ஒவ்வொருவருக்கும் வேலை பிரிக்கப்பட்டிருக்கும். அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது கடைசிக் கட்டம்: எல்லாம் முடிந்த பிறகு நடந்ததற்கு விளக்கம் சொல்லும் கட்டம். ‘மக்கள் கொந்தளித்துவிட்டார்கள்’ என்ற விளக்கம் அங்கேதான் உருவாக்கப்படுகிறது. பொறுப்பு எல்லோர் மீதும் தூவப்படுவதால் யார் மீதும் ஒட்டாமல் போகிறது. உங்கள் பெரியப்பா அறியாமல் சொன்ன சொல், அறிந்தவர்களுக்குப் பயன்படும் சொல்.

பதில் – இரண்டாம் சாமம்

முன்னவர் எழுதியதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆனால் ‘திட்டம்’ என்ற சொல்லால் எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது என்பதை மரியாதையுடன் சொல்ல விரும்புகிறேன். பட்டியலைக் கொண்டுவந்தவர் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பின்னால் சென்ற ஐந்நூறு பேர் யார்? அவர்களுக்கு யாரும் கூலி கொடுத்திருக்க மாட்டார்கள்.

1994-இல் ருவாண்டாவில் நூறு நாட்களில் சுமார் 8 லட்சம் பேர், பெரும்பாலும் சிறுபான்மை துட்சி இனத்தவர், கொல்லப்பட்டனர். அந்தக் கொலைகளில் பங்கேற்றதை ஒப்புக்கொண்டு சிறையில் இருந்தவர்களில் 200-க்கும் மேற்பட்டவர்களை ஸ்காட் ஸ்ட்ராஸ் என்ற ஆய்வாளர் நேரில் கண்டு பேசினார். பலரிடம் துட்சி அண்டை வீட்டார் மீது முன்பு தனிப்பட்ட வெறுப்பு இருந்ததாகத் தெரியவில்லை. போர்ச்சூழலில் ‘அவர்கள் வந்து நம்மைக் கொன்றுவிடுவார்கள்’ என்ற அச்சமும், உடன் வராவிட்டால் துரோகி என்று சொல்லி உன்னையே தாக்குவோம் என்று சொந்த இனத்தவர் கொடுத்த நெருக்குதலும், உள்ளூர் அதிகாரிக்குக் கீழ்ப்படியும் பழக்கமும் சேர்ந்தே பலரை இழுத்துச் சென்றிருந்தன. இதனால் அவர்களின் குற்றம் குறைந்துவிடவில்லை. ஆனால் வெறுப்பைத் தேடிக்கொண்டே இருந்தால் அச்சத்தைக் கவனிக்கத் தவறிவிடுவோம்.

அச்சத்தை ஊட்டுவது வதந்தி. எந்த நாட்டை எடுத்தாலும் இந்த வதந்திகள் ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? குழந்தை, பெண், உணவு ஆகிய மூன்றைச் சுற்றியே அவை பின்னப்படுகின்றன. 1903 ஏப்ரலில் அன்றைய ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் யூதர்கள் 49 பேர் கொல்லப்பட்டதற்கு முன், ஒரு சிறுவனின் கொலையை யூதர்களின் சடங்குப் பலி என்று உள்ளூர் நாளேடு ஒன்று வாரக்கணக்கில் எழுதிவந்தது. 2018 பிப்ரவரியில் இலங்கையின் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற புரளி கிளம்பி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மாத்திரை என்று காட்டப்பட்டது வெறும் மாவுக்கட்டி என்று ஆய்வில் தெரியவந்தது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துளே மாவட்டத்தில் ராயின்பாடா என்ற சிற்றூரில், பிச்சை கேட்டு ஊர் ஊராகச் செல்லும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேரைக் குழந்தை கடத்துபவர்கள் என்று சொல்லி, ஊராட்சி அலுவலக அறையில் அடைத்து அடித்தே கொன்றார்கள்.

நாடோடிகள் என்றதும் சந்தேகம் எழுவது இயல்பு என்று சிலர் சொல்லக்கூடும். அந்த ‘இயல்பு’ எங்கிருந்து வந்தது? பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முழுச் சமூகங்களைப் பதிவேட்டில் ஏற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் இயற்றப்பட்டது. அந்தச் சமூகங்கள் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது 1952 ஆகஸ்டில். எண்பது ஆண்டுகள் ஓர் அரசு அதிகாரபூர்வமாகச் சொல்லிக்கொடுத்த சந்தேகம், சட்டம் போனவுடன் தானும் போய்விடுவதில்லை. வதந்தி புதிதாக எதையும் சொல்வதில்லை. கேட்பவர் ஏற்கெனவே நம்பியிருப்பதையே சொல்கிறது. அதனால்தான் அதை யாரும் சரிபார்ப்பதில்லை.

சரிபார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1892-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், மளிகைக்கடை நடத்திய கறுப்பின நண்பர்கள் மூவர் கும்பலால் கொல்லப்பட்டபின், ஐடா பி. வெல்ஸ் என்ற பத்திரிகையாளர் அதுபோன்ற கும்பல் கொலைகளின் பதிவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். வெள்ளையினப் பெண்களின் மானத்தைக் காக்கவே இவை நடக்கின்றன என்பது அன்றைய பொதுவான நியாயம். ஆனால் கொல்லப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் அப்படிப்பட்ட குற்றச்சாட்டே இருந்தது என்றும், அதுவும் குற்றச்சாட்டு மட்டுமே என்றும் அவர் எழுதினார். மெம்பிஸ் நண்பர்கள் செய்த உண்மையான ‘குற்றம்’, வெள்ளையர் கடைக்குப் போட்டியாக வியாபாரம் செய்தது. உண்மையை எழுதியதற்காக அவருடைய பத்திரிகை அலுவலகமே அழிக்கப்பட்டது.

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தின் நத்தம் காலனியிலும் அருகிலிருந்த இரு குடியிருப்புகளிலும் 250-க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டதை நான் இந்த வரிசையில்தான் வைத்துப் பார்க்கிறேன். வெளியில் சொல்லப்பட்ட காரணம் ஒரு காதல் திருமணமும் அதைத் தொடர்ந்த ஒரு தற்கொலையும். அழிக்கப்பட்டவையோ வெளியூர் வேலைக்குச் சென்று சேர்த்த பணத்தில் கட்டிய வீடுகளும் அவற்றிலிருந்த பொருள்களும்.

பதில் – சிறுகுறிப்பு

வதந்தி பற்றிப் பேசும்போது கருவியைப் பற்றி ஒரு வரியாவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். துளே போன்ற கொலைகளுக்குப் பின், 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. அடுத்த ஆண்டு அது உலகம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அது பயனற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிஷினேவில் நாளேடு செய்ததையும் ருவாண்டாவில் துட்சிகளுக்கு எதிராகத் தூண்டிவிட்ட வானொலி செய்ததையும்தான் இன்று கைப்பேசி செய்கிறது. அந்த வானொலியை நிறுவியவர்கள் மீது பன்னாட்டுத் தீர்ப்பாயம் வழக்கு நடத்தி 2003-இல் தண்டனை வழங்கியது. அங்கே பேசியவருக்கு முகவரி இருந்தது. இன்றைய செய்தியின் முதல் முகவரியைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருக்கிறது.

மீண்டும் – ஓலைச்சுவடி

நீங்கள் மூவரும் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பெரியப்பாவிடம் சொல்ல இப்போது என்னிடம் ஏதோ இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி இன்னும் எஞ்சியிருக்கிறது. கொலையும் தீ வைப்பும் எந்த நாட்டிலும் குற்றங்கள்தாம். அவற்றுக்குப் பழைய சட்டங்களே போதும். அப்படியிருக்க, நூறு பேர் பார்க்க நடந்த கொலையில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படாமல் போவது எப்படி? சாட்சிகள் இல்லாத வழக்கென்றால் புரிந்துகொள்ளலாம். இங்கே சாட்சிகள் அளவுக்கு மீறி அல்லவா இருக்கிறார்கள்?

பதில் – படித்துறை

பல ஆண்டுகள் நீதிமன்றங்களோடு தொழில்முறைத் தொடர்பு உடையவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல முயல்கிறேன். இத்தகைய வழக்கு பெரும்பாலும் நீதிமன்றத்தில் தோற்பதில்லை. முதல் தகவல் அறிக்கையிலேயே தோற்றுவிடுகிறது. ‘அடையாளம் தெரியாத சுமார் இருநூறு பேர் கொண்ட கும்பல்’ என்று அதில் எழுதப்பட்டுவிட்டால், பிறகு எவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலும், ‘முதலில் ஏன் சொல்லவில்லை’ என்ற குறுக்கு விசாரணைக் கேள்விக்குப் பாதிக்கப்பட்டவர் பதில் சொல்லியாக வேண்டும். வீடு எரிந்து, உறவினரை இழந்து, முகாமில் இருந்தவர் அன்று யாரிடம் போய்ப் பெயர் சொல்வது? 1984 தில்லியில் ஒரு காவல் நிலைய எல்லைக்குள் நடந்த பல கொலைகளை ஒரே அறிக்கையில் அடைத்துவிட்டார்கள். தனித்தனியே நிற்க வேண்டிய வழக்குகள் ஒன்றுக்குள் ஒன்று புதைந்து, விசாரணை என்ற பெயரில் கலைந்துபோயின. தில்லியில் 2,733 பேர் இறந்ததாக அரசுக் கணக்கே கூறுகிறது. அந்த வழக்குகளுள் ஒன்றில், ஐந்து சீக்கியர்களின் கொலைக்காக ஒரு முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருக்குத் தில்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2018 டிசம்பரில். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் விசாரணை நீதிமன்றம் அவரை விடுவித்திருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள்! சாட்சி சொன்ன பெண் அத்தனை ஆண்டுகள் தம் நினைவைக் காத்து வைத்திருந்தார் என்பதை நினைத்தால் எனக்குத் தீர்ப்பைவிட அதுவே பெரிதாகத் தெரிகிறது.

சாட்சிகள் அளவுக்கு மீறி இருக்கிறார்கள் என்றீர்கள். அவர்களில் பாதிப் பேர் தாக்கியவர்களின் உறவினர்கள். மீதிப் பேர் நாளையும் அதே தெருவில் வாழ வேண்டியவர்கள். 2002-இல் குஜராத்தில் ஒரு பேக்கரியில் 14 பேர் கொல்லப்பட்ட வழக்கில் சாட்சிகள் வரிசையாகப் பிறழ, குற்றம் சாட்டப்பட்ட 21 பேரும் விடுதலையானார்கள். 2004-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு வழக்கை வேறு மாநிலத்துக்கு மாற்றி மறுவிசாரணைக்கு உத்தரவிட்ட பிறகு ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் அவர்களிலும் ஐவர் விடுபட்டனர். சட்டம் அதேதான், சாட்சிகளும் பெரும்பாலும் அவர்களேதான். நீதிமன்றம் இருந்த இடம் மட்டுமே மாறியிருந்தது.

சில சமயம் நீதிமன்றத்தின் பார்வையே தடையாகிவிடும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்துபோன வழக்கில், வசதி படைத்த நிலவுடைமையாளர்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி அவர்களை விடுவித்தது. நெல்லியைப் பற்றி எழுதவே கை தயங்குகிறது. 1983 பிப்ரவரி 18 அன்று அசாமின் நெல்லியிலும் சுற்றியிருந்த சிற்றூர்களிலும் வங்காள மொழி பேசும் முஸ்லிம்கள் குறைந்தது 1,800 பேர் சில மணி நேரத்தில் கொல்லப்பட்டனர். தண்டிக்கப்பட்டவர் ஒருவருமில்லை.

சட்டமே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. கும்பல் கொலைகள் பற்றி உச்ச நீதிமன்றம் 2018 ஜூலை 17 அன்று அளித்த தீர்ப்பில், மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்க வேண்டும், விரைவு நீதிமன்றம் அமைத்து முடிந்தவரை ஆறு மாதங்களில் விசாரணையை முடிக்க வேண்டும், கடமை தவறிய அலுவலர் மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றெல்லாம் விரிவாகக் கட்டளையிட்டது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து இனம், சாதி அல்லது சமூகம், பாலினம், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணத்துக்காகச் செய்யும் கொலையைத் தனியே குறிப்பிட்டு, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கிறது. அந்த வரிசையில் ‘மதம்’ என்ற சொல் வெளிப்படையாக இடம்பெறாததைக் கவனிக்க வேண்டும். ‘சமூகம்’, ‘நம்பிக்கை’ என்ற சொற்களுக்குள் அதை அடக்கலாம் என்று வாதிடலாம்தான், ஆனால் சட்டம் நேரே சொல்ல வேண்டியதை வழக்கறிஞரின் வாதத்திறமைக்கு விட்டுவைப்பானேன்? அமெரிக்காவிலும் இந்தத் தயக்கம் இருந்தது. கும்பல் கொலைக்கு எதிரான முதல் மசோதா அந்நாட்டு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது 1900-இல், சட்டமானது 2022-இல்.

என்னைக் கேட்டால், தண்டனை எவ்வளவு கடுமையானது என்பதைவிட எவ்வளவு விரைவில் வருகிறது என்பதே கும்பலைத் தடுக்கிறது. 2024 ஜூலை இறுதியில் இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட, கொலையாளி புகலிடம் தேடி வந்த முஸ்லிம் என்ற பொய் பரவி, 30-ஆம் தேதி அங்கிருந்த பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பின்னர் புகலிடம் கோருவோர் தங்கியிருந்த விடுதிகளுக்கும் தீ வைக்க முயன்றார்கள். ஆகஸ்டு 7 அன்று முதல் சிறைத்தண்டனைகள் அறிவிக்கப்பட்டுவிட்டன. அதில் ஒன்று மூன்று ஆண்டுகள். இடையில் எட்டே நாட்கள். அன்று மாலை மேலும் பல ஊர்களில் தாக்குதல் நடக்கும் என்று பேசப்பட்டிருந்தது. தெருவில் திரண்டவர்களோ பெரும்பாலும் அதை எதிர்க்க வந்தவர்கள். விரைவு மட்டுமே அதற்குக் காரணம் என்று வாதிட மாட்டேன். ஆனால் ‘கூட்டத்தோடு செய்தால் ஒன்றும் ஆகாது’ என்ற நம்பிக்கை அந்த வாரத்தில் உடைந்தது. நெல்லிக்குப் பிறகும் தில்லிக்குப் பிறகும் உடையாமல் பத்திரமாக இருந்தது அந்த நம்பிக்கைதான்.

பதில் – வேலியோரம்

அண்டை வீட்டாரைப் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

1983-இல் தமிழர்களைத் தம் வீட்டு அறைகளில் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய சிங்களக் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு அந்தக் கணத்தில் வீரம் வந்தது என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் தனிமனித வீரத்தை நம்பி ஒரு சமூகம் உயிர் வாழ முடியாது. அசுதோஷ் வார்ஷ்னே என்ற அறிஞர், 1950 முதல் 1995 வரை இந்தியாவில் நடந்த இந்து–முஸ்லிம் கலவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, உயிரிழப்புகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை எட்டே நகரங்களில் நிகழ்ந்திருந்தன. அலிகரில் திரும்பத் திரும்ப நடந்தது, மக்கள்தொகை விகிதம் ஏறத்தாழ ஒத்திருந்த கோழிக்கோட்டில் ஏன் நடக்கவில்லை என்று அவர் கேட்டார். பார்த்தால் சிரிப்பது, விழாவுக்கு அழைப்பது போன்ற அன்றாட உறவு சிறு ஊர்களில் போதுமானதாக இருக்கலாம், நகரத்தில் அது நெருக்கடியைத் தாங்குவதில்லை என்பது அவர் கண்ட விடை. வணிகர் சங்கம், தொழிற்சங்கம், படிப்பகம் என்று இரு சமூகத்தாரும் ஒரே அமைப்புக்குள் சேர்ந்து, ஒரே நலனுக்காக உழைத்த இடங்களில் வதந்தி வந்தவுடன் விசாரிக்க ஆள் இருந்தது, ‘அது பொய்’ என்று சொன்னால் நம்பவும் ஆள் இருந்தது.

இந்த முடிவை மறுத்தவர்களும் உண்டு. மாநில அரசு உண்மையாகவே தடுக்க நினைத்தால் எந்தக் கலவரமும் நீடிக்காது, தேர்தல் கணக்கே அதைத் தீர்மானிக்கிறது என்று ஸ்டீவன் வில்கின்சன் வாதிட்டார். இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை. மும்பைக்கு அருகிலுள்ள பிவண்டி 1970-லும் 1984-லும் பற்றியெரிந்த ஊர். 1980-களின் இறுதியில் அங்கு பொறுப்பேற்ற காவல் அதிகாரி சுரேஷ் கோப்டே, இரு சமூகத்தாரையும் சேர்த்துத் தெருவாரியாகக் குழுக்கள் அமைத்தார். திருட்டு, குடும்பத் தகராறு, குடிநீர்ச் சண்டை என்று சாதாரண விஷயங்களை அவர்கள் கூடிப் பேசினார்கள். சமய நல்லிணக்கம் பற்றிய சொற்பொழிவுகளுக்காக அவை கூட்டப்பட்டவை அல்ல. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பை எரிந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது. அங்கே மக்களின் அமைப்பும் இருந்தது, தடுக்க விரும்பிய அதிகாரியும் இருந்தார்.

கதவைச் சாத்திக்கொண்டவர்களைப் பற்றி: அவர்களைக் கோழைகள் என்று திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. கும்பல் முதலில் பார்ப்பது காவலரின் முகத்தையும் அண்டை வீட்டாரின் முகத்தையும்தான். இருவரும் விலகி நின்றால் அதை அனுமதி என்று எடுத்துக்கொள்கிறது. விலகி நின்றவர்களுக்கோ தாங்கள் அனுமதி கொடுத்தோம் என்பதே தெரியாது.

இன்னொன்றும் உண்டு. தீ அணைந்த பிறகு நடப்பவை செய்தியாவதில்லை. 1921-இல் அமெரிக்காவின் டல்சா நகரில், கறுப்பின மக்கள் செழிப்பாக வாழ்ந்த கிரீன்வுட் பகுதியின் 35 தெருத்தொகுதிகள் ஒரே இரவிலும் மறுநாள் காலையிலும் எரிக்கப்பட்டன. கலவரத்தால் வந்த இழப்புக்குப் பணம் தர இயலாது என்று காப்பீட்டு நிறுவனங்கள் மறுத்தன. மீண்டும் வீடு கட்டுவதைத் தடுக்க நகர மன்றம் கட்டட விதிகளை மாற்றியது. நீதிமன்றத்துக்குப் போய்த்தான் அந்த மக்கள் தம் சொந்த மண்ணில் கட்டும் உரிமையைப் பெற்றார்கள். அரசு அமைத்த ஆணையத்தின் அறிக்கை வந்தது 2001-இல், எண்பது ஆண்டுகள் கழித்து. தாக்குதலில் உயிர் தப்பியவர்கள் நிவாரண முகாமிலிருந்து எங்கே திரும்பினார்கள், திரும்பினார்களா, தம் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான், இந்த வன்முறையால் யாருக்கு என்ன கிடைத்தது என்பது விளங்கும்.

மீண்டும் – ஓலைச்சுவடி

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை பெரியப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். வாதம் செய்யும் எண்ணம் இல்லை; முழங்கைக்குச் சொல் கேட்ட கதையையும், கொழும்பிலும் தில்லியிலும் கும்பலின் கையில் இருந்த வாக்காளர் பட்டியலைப் பற்றியும் மட்டும் சொன்னேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. இணைப்பு துண்டித்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அவர் கேட்டார்: “பட்டியலை யார் கொடுத்தது?”